முதியோரை வெயிலுக்கு அனுப்பும் அரசு

ஸ்பெயினின் கிழக்குக் கரையில் உள்ள பெனிடோர்ம் நகரத்தின் லெவான்தே கடற்கரையில் ஜனவரி மாதக் காலைப் பொழுது முழுக்க முதியவர்களுடையது. கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிவிட்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, கணுக்கால் நனையும் தண்ணீரில் ஜோடி ஜோடியாக நடக்கிறார்கள். பகல் வெப்பம் 16, 17 டிகிரி செல்சியஸ். சென்னைக்காரர் என்றால் சால்வையைத் தேடுவார். இவர்களோ மேல்சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொள்கிறார்கள். பலர் வந்திருப்பது புர்கோஸ், சோரியா, ஆவிலா போன்ற உள்நாட்டு மேட்டுநிலங்களிலிருந்து. அங்கே இந்த மாதத்தில் இரவு வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே இறங்குவது சாதாரணம்.

இவர்களில் பெரும்பாலோர் பணக்காரர்கள் இல்லை. ஆலையிலும் வயலிலும் கடையிலும் உழைத்து ஓய்வு பெற்றவர்கள். குளிர்காலத்தில் கடற்கரை ஹோட்டலில் தங்க இவர்களுக்குக் கைகொடுப்பது ஸ்பெயின் அரசின் முதியோர் மற்றும் சமூகப் பணிகள் நிறுவனம். இம்செர்சோ என்பது அதன் சுருக்கப்பெயர். 1985இல் 16,000 இடங்களுடன் அது தொடங்கிய பயணத் திட்டம், 2024-25 பருவத்தில் 8,86,269 இடங்களை விற்பனைக்கு வைத்தது. கொரோனா காலத்தில் நின்றுபோய், 2021 இலையுதிர் காலத்தில் மீண்டும் ஓடத் தொடங்கியது. நாற்பது ஆண்டுகளில் ஆட்சிகள் மாறின, கட்சிகள் மாறின. திட்டத்தைக் கைகழுவ எந்த அரசும் துணியவில்லை.

குளிர் நாடுகளின் முதியவர்கள் மாதக்கணக்கில் வெயிலுக்கு ஒதுங்குவதை உலகம் வசதியுள்ளவர்களின் சொகுசாகவே பார்க்கிறது. கனடாக்காரர்களின் ஃபுளோரிடா வீடு, பிரிட்டிஷ்காரர்களின் ஸ்பெயின் அடுக்ககம் என்று வங்கிக் கணக்கோடு சேர்த்தே அது பேசப்படுகிறது. ஆனால் குளிர்காலத்தில் ஒரு முதியவருக்குக் கிடைக்கும் வெயில் அவருடைய ரத்த அழுத்தத்தோடும் மூட்டுகளோடும் தனிமையோடும் தொடர்புடைய விஷயம். ஆகவே அது பொதுச் சுகாதாரத்தில் சேர்த்தி. பொதுப்பணத்தைச் செலவிடத் தகுந்த காரியம். ஸ்பெயின் இதைப் பாதி புரிந்துகொண்டிருக்கிறது. மீதிப் பாதியையும் அது செய்தாக வேண்டும்.

குளிர் எப்படிக் கொல்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். உறைபனியில் விழுந்து இறப்பவர்கள் சிலரே. உடல் குளிரும்போது ரத்த நாளங்கள் சுருங்குகின்றன, ரத்த அழுத்தம் ஏறுகிறது, ரத்தம் உறையும் வாய்ப்பு கூடுகிறது. மாரடைப்பும் பக்கவாதமும் அதன் பின்னால் வருகின்றன. நுரையீரல் தொற்றும் சேர்ந்துகொள்கிறது. லண்டனைச் சேர்ந்த உடலியல் பேராசிரியர் வில்லியம் கீட்டிங் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து எழுதினார். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2017-18 குளிர்காலத்தில், மற்ற மாதங்களின் சராசரியைவிடச் சுமார் 50,000 பேர் கூடுதலாக இறந்தார்கள். அந்த ஆண்டு பரவிய காய்ச்சலுக்கும் அதில் பங்கு உண்டு. இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் முதியவர்கள்.

இந்தக் கணக்கில் ஒரு வியப்பு ஒளிந்திருக்கிறது. 2003இல் ஜொனாதன் ஹீலி என்ற ஆய்வாளர் பதினான்கு ஐரோப்பிய நாடுகளின் குளிர்கால மரணங்களை ஒப்பிட்டார். மற்ற மாதங்களைவிடக் குளிர்காலத்தில் எத்தனை விழுக்காடு அதிகம் பேர் இறக்கிறார்கள் என்பதே கேள்வி. ஃபின்லாந்தில் 10 விழுக்காடு. ஸ்பெயினில் 21. வெயிலுக்குப் பேர்போன போர்ச்சுக்கலில் 28. பனிக்கட்டி தேசத்தைவிட வெயில் தேசங்களில் குளிர் அதிகம் பேரைக் காவு வாங்குகிறது!

காரணம் வீடு. ஃபின்லாந்தில் சுவரும் ஜன்னலும் குளிருக்காகவே கட்டப்படுகின்றன. வெளியே மைனஸ் இருபது என்றாலும் உள்ளே சட்டையோடு உட்காரலாம். ஸ்பெயினில் கட்டடங்களுக்கு வெப்பக் காப்பு வேண்டும் என்ற முதல் விதிமுறை வந்ததே 1979இல்தான். அதற்கு முன் கட்டிய வீடுகளில்தான் இன்றைய முதியவர்கள் பலர் வாழ்கிறார்கள். கல்தரை, ஒற்றைக் கண்ணாடி ஜன்னல், காற்று புகும் கதவு. ஆகஸ்டின் வெக்கைக்கு இதமான வீடு, ஜனவரியில் உடம்பின் சூட்டை உறிஞ்சிவிடுகிறது.

அப்படியொரு வீட்டில் குளிர்காலம் கழிவது பெரும்பாலும் ஒரு மேசையைச் சுற்றித்தான். மெசா கமில்யா என்ற வட்ட மேசை. அதன்மேல் தரையைத் தொடும்படி தடித்த துணி விரித்திருக்கும். கீழ்ப்பலகையில் பிராசெரோ என்ற கணப்பு. ஒரு காலத்தில் அதில் கரி கனன்றது, இப்போது பெரும்பாலும் மின்கம்பி. துணியைத் தூக்கி மடியில் போர்த்திக்கொண்டு, கணவனும் மனைவியும் எதிரெதிரே கால்களை உள்ளே நீட்டி உட்கார்ந்தால் முழங்காலுக்குக் கீழே சூடு, முதுகில் குளிர். கழிப்பறைக்கு எழுந்து போவதற்குக்கூட மனத்தைத் தயார்ப்படுத்த வேண்டும். துணியில் தீப்பிடித்த செய்தியும் கரிப்புகையில் மூச்சு முட்டிய செய்தியும் அந்நாட்டுக் குளிர்காலங்களில் வந்துகொண்டே இருக்கின்றன. சற்று வசதியுள்ள வீட்டில் சக்கரம் வைத்த பூட்டேன் அடுப்பு அறைக்கு அறை உருளும். அதற்குரிய ஆரஞ்சு நிற சிலிண்டரில் 12.5 கிலோ வாயு. இரும்பின் எடையையும் சேர்த்தால் ஏறத்தாழ இரு மடங்கு. லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடிக்கு அதைத் தூக்கிக்கொண்டு வர எழுபத்தைந்து வயதுக்காரரால் ஆகாது. சிலிண்டர் போடுபவருக்காகக் காத்திருக்க வேண்டும். வாயுவைச் சிக்கனமாகவும் எரிக்க வேண்டும்.

இந்த மேசையிலிருந்து எழுந்து வந்த தம்பதிக்கு பெனிடோர்மின் ஒரு நாள் எப்படிப் போகிறது?

காலை உணவு ஹோட்டல் கூடத்தில். சமைக்க வேண்டாம், பாத்திரம் கழுவ வேண்டாம். அறுபது ஆண்டுகள் அடுப்படியில் நின்ற பெண்களுக்கு இந்த ஒன்றே போதும் என்று தோன்றுவதில் வியப்பில்லை. பிறகு கடற்கரை நடை. மேட்டுநிலத்தில் வழுக்கும் பனிக்குப் பயந்து வீட்டோடு கிடந்த கால்கள் இங்கே சமதளத்தில் தினமும் சில கிலோமீட்டர் போகின்றன. லெவான்தே ஒரு பக்கம், போனியெந்தே மறுபக்கம் என்று இரண்டு நீண்ட மணற்கரைகள். வடக்கே 1,400 மீட்டரைத் தாண்டி நிற்கும் புய்க் கம்பானா மலையும் அதன் கூட்டாளிகளும் வாடைக்காற்றை மறிக்கின்றன. நடக்க முடியாதவர்களுக்கு வாடகை மின்வண்டி உண்டு. நீளநெடுகப் பெஞ்சுகளும் உண்டு. பெஞ்சுகளில் சீட்டும் டொமினோவும் நடக்கின்றன.

மதியச் சாப்பாடு ஒன்றரை மணி வாக்கில். கூட்டம் அதிகமென்றால் இரண்டு பந்தி. சாப்பிட்டபின் உறக்கம். மாலையில் அந்தத் தம்பதி அல்தேயாவுக்கோ குவாதலெஸ்த் மலைக் கிராமத்துக்கோ பேருந்தில் போய்த் திரும்பலாம். அலிகான்தே நகரம்வரை டிராம் ஓடுகிறது. இரவு உணவுக்குப் பிறகு கூடத்தில் நாற்காலிகள் ஓரம் போகும், பாட்டு தொடங்கும். பாசோதொப்ளே மெட்டு கேட்டதும் ஜோடிகள் எழுவார்கள். துணையை இழந்த பெண்கள் ஒருவரோடு ஒருவர் கைகோத்து ஆடுவார்கள். அக்கார்டியன் கலைஞர் மரியா ஹெசூஸ் பல பத்தாண்டுகள் இந்த நகரில் வாசித்திருக்கிறார்.

மருந்துச்சீட்டு, சர்க்கரை அளவு, முழங்கால் வலி எதுவும் கடற்கரைக்கு வந்ததால் ஓடிவிடாது. ஆனால் நாள் முழுவதும் சூடான அறை, மூன்று வேளை நேரத்துக்கு உணவு, நடை, பேச்சுத்துணை. மருத்துவர் எழுதிக்கொடுக்க விரும்பும் பட்டியல் இதுதானே. ஊரில் அதை எழுதிக்கொடுக்கலாம். வாங்கிக்கொள்ள இடம் இருக்காது.

நார்வே இதை உண்மையாகவே மருத்துவச் சீட்டாக ஆக்கியிருக்கிறது. மூட்டுவாத நோயாளிகளையும் சொரியாசிஸ் நோயாளிகளையும் அரசுச் செலவில் வெயில் நாடுகளுக்குச் சில வாரங்கள் சிகிச்சைக்கு அனுப்பும் திட்டத்தை அது 1976இல் தொடங்கியது. சொரியாசிஸ் நோயாளிகள் ஸ்பெயினின் கிரான் கனாரியா தீவுக்குப் போகிறார்கள். பெனிடோர்முக்குப் பக்கத்தில் அல்ஃபாஸ் தெல் பி என்ற சிற்றூரில் நார்வேக்காரர்கள் ஒரு குடியிருப்பாகவே வேரூன்றிவிட்டார்கள். நார்வே பள்ளிக்கூடம்கூட அங்கே இருக்கிறது.

பிரிட்டன் இதே வெயிலை நேரெதிராகப் பயன்படுத்தியது. அந்நாட்டு முதியோருக்குக் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க ஓர் உதவித்தொகை உண்டு. ஸ்பெயினில் குடியேறிய பிரிட்டிஷ் ஓய்வூதியர்களில் தகுதியுள்ளவர்களுக்கும் அது வந்துகொண்டிருந்தது. 2015இல் ஒரு வெப்பக் கோடு கிழித்தார்கள். இங்கிலாந்தின் மிக மிதமான பகுதியான தென்மேற்கில் குளிர்காலச் சராசரி 5.6 டிகிரி, அதைவிட இதமான நாடுகளில் வாழ்பவர்களுக்குத் தொகை கிடையாது என்றார்கள். ஸ்பெயின், போர்ச்சுக்கல், பிரான்ஸ், கிரேக்கம் எல்லாம் பட்டியலிலிருந்து போயின. தெருவின் வெப்பமானியை வைத்து அறையின் குளிரை அளந்த முடிவு அது. போர்ச்சுக்கலின் 28 விழுக்காட்டை அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பே ஹீலி எழுதிவைத்திருந்தார்.

பிறகு ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகியது. 2021 தொடங்கி, விசா இல்லாமல் வரும் பிரிட்டிஷ்காரர் எந்த 180 நாள் இடைவெளியிலும் 90 நாள்தான் தங்கலாம். முன்பு அக்டோபரில் வந்து ஏப்ரலில் திரும்பிய தம்பதிகள் இப்போது நாள்காட்டியில் பேனாவால் அடித்துக்கொண்டு வாழ்கிறார்கள். 2025 அக்டோபர் 12 முதல் எல்லையில் கைரேகையும் முகப்படமும் பதிந்து நாள்களைக் கணினி எண்ணத் தொடங்கியிருக்கிறது. நீண்ட விசா வாங்க, உழைக்காமலே மாதம் 2,400 யூரோ அளவில் வருமானம் வருவதைக் காட்ட வேண்டும். அதாவது வசதியுள்ளவருக்குக் குளிர்காலம் முழுவதும் வெயில், சாதாரண ஓய்வூதியருக்குத் தொண்ணூறு நாள்.

ஸ்பெயின் தன் சொந்த முதியோருக்குச் செய்திருப்பது இந்த வேறுபாட்டைக் குறைக்கிறது. 65 வயதானவர்கள், ஓய்வூதியம் பெறுபவர்கள் விண்ணப்பிக்கலாம். துணையை இழந்தோர் ஓய்வூதியம் பெறுபவர் என்றால் 55 வயதே போதும். கணவனோ மனைவியோ உடன் வர வயது வரம்பு இல்லை. வயது, வருமானம், முன்பு போன பயணங்கள் ஆகியவற்றுக்கு மதிப்பெண் போட்டு முன்னுரிமை கொடுக்கிறார்கள். கடற்கரைப் பயணம் என்றால் போக்குவரத்து, தங்குமிடம், மூன்று வேளை உணவு, காப்பீடு எல்லாம் சேர்த்தி. தீவுகளை விட்டு நாட்டின் நிலப்பகுதிக் கரையில் பத்து நாள் தங்கினால் ஒருவருக்கு ஏறத்தாழ 300 யூரோ ஆகும். செலவில் பெரும்பங்கைப் பயணிகளே கட்டுகிறார்கள். மிச்சத்தை அரசு ஈடுகட்டுகிறது. முன்பதிவு தொடங்கும் நாளில் பயண முகவர் அலுவலகங்களின் வாசலில் விடியுமுன்பே வரிசை நிற்கிறது. கனாரித் தீவுகளுக்கான இடங்கள்தான் முதலில் காலியாகும்.

திட்டத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. கோடையில் நிரம்பி வழியும் கடற்கரை நகரங்கள் நவம்பரில் கதவடைத்துவிடும் வழக்கம் ஸ்பெயினில் பழையது. ஹோட்டல் ஊழியர்களில் பலர் பருவகால நிரந்தரப் பணியாளர்கள்: வேலை உரிமை நிலைக்கும், ஆனால் ஹோட்டல் மூடியிருக்கும் மாதங்களில் சம்பளம் இல்லை, வேலையின்மைப் படி மட்டும். அக்டோபரிலிருந்து ஜூன் வரை முதியவர்களை அனுப்பினால் ஹோட்டல் திறந்திருக்கும், சமையல்காரருக்கும் பரிசாரகருக்கும் வேலை நீடிக்கும். அரசுக்குப் படிச்செலவு மிச்சம், வரியும் சமூகக் காப்புத் தொகையும் வரவு. ரொட்டிக்கடை, மருந்துக்கடை, பேருந்து என்று ஊரின் மற்றத் தொழில்களும் அதனோடு மூச்சுவிடுகின்றன. 1950களில் மேயர் பெத்ரோ சரகோசாவின் காலத்தில் மீன்பிடி ஊராக இருந்த பெனிடோர்ம், 186 மீட்டர் உயர ஹோட்டல் நிற்கும் நகரமாக வளர்ந்தது. ஆண்டு முழுவதும் விளக்கு எரியும் சுற்றுலா நகரமாக அது நிலைத்ததில் இந்த ஓய்வூதியர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

திட்டத்தின் குறையும் இதே இடத்தில்தான் இருக்கிறது. மூன்று வேளை உணவோடு ஒருவரை ஒரு நாள் தங்கவைக்க ஹோட்டலுக்குக் கிடைத்துவந்த தொகை 22 யூரோ அளவிலேயே பல ஆண்டுகள் நின்றது. இந்தக் காசுக்குக் கட்டுப்படியாகாது என்று பெனிடோர்ம் ஹோட்டல் உரிமையாளர்களின் சங்கமான ஹொஸ்பெக் திரும்பத் திரும்பச் சொன்னது. சில ஹோட்டல்கள் விலகின. விலகாதவை எங்கே மிச்சம் பிடிக்கும்? ஆள்குறைப்பில். அறை சுத்தம் செய்யும் பெண்ணின் பட்டியலில் இன்னும் இரண்டு அறை ஏறும்.

அந்தப் பெண்கள் கெல்லிகள் என்ற பெயரில் ஸ்பெயின் முழுவதும் சங்கமாகத் திரண்டிருக்கிறார்கள். அறைக்கு இவ்வளவு என்று கூலி பேசும் ஒப்பந்த நிறுவனங்களையும், மெத்தையைத் தூக்கித் தூக்கி ஒடிந்த முதுகையும் பற்றிப் பொதுமேடையில் பேசியவர்கள் அவர்கள். அவர்களுடைய குரலின் பலனாக, ஒரு மிதியை அழுத்தினால் கட்டில் உயர்ந்து நிற்கும் ஏற்பாடு ஹோட்டல்களில் கட்டாயம் என்று பலேரிக் தீவுகளில் 2022இல் சட்டமே வந்தது. முதியவரின் முழங்காலுக்கு இதம் தர, ஐம்பது வயதுப் பெண்ணின் முதுகு தேய வேண்டும் என்றால் அந்தத் திட்டத்தில் நியாயம் இல்லை. இந்த 22 யூரோ பேரத்தில் முன்கை எடுத்தது அரசு என்பதுதான் வருத்தமானது. வேலையைக் காப்பாற்றவே தொடங்கிய திட்டம் வேலையின் தரத்தைக் குறைக்கும் சாக்காகிவிடக் கூடாது.

வேறொரு எதிர்ப்பும் உண்டு. நல்ல ஓய்வூதியமும் சொந்த வீடும் உள்ளவர்கள் ஆண்டுதோறும் அரசுச் சலுகையில் கடற்கரைக்குப் போகிறார்கள், கிராமத்து மூதாட்டிக்கு இணையத்தில் விண்ணப்பிக்கவே தெரியவில்லை என்கிறார்கள். இந்தப் புகாரில் உண்மை இருக்கிறது. ஸ்பெயினில் சராசரி ஓய்வுக்கால ஊதியம் 2025இல் மாதம் 1,500 யூரோ அளவுக்கு வந்துவிட்டது. துணையை இழந்தோர் ஊதியத்தின் சராசரி அதில் மூன்றில் இரண்டு பங்கைக்கூடத் தொடவில்லை. அந்த ஊதியத்தில் வாழும் பெண் தனியறை கேட்டால் கூடுதல் கட்டணம். இல்லையென்றால் முன்பின் தெரியாத ஒருவரோடு அறையைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். பேருந்தோ ரயிலோ மாகாணத் தலைநகரிலிருந்துதான் புறப்படும்; பனிபெய்த கிராமத்திலிருந்து அதுவரை வருவது அவள் பாடு.

2025-26 பருவத்தில் அரசு ஒரு திருத்தம் செய்தது. மிகக் குறைந்த வருமானமுள்ளவர்களுக்கு எந்தப் பயணமும் 50 யூரோ என்று அறிவித்தது. நல்ல தொடக்கம். ஆனால் 8,79,213 இடங்களில் அப்படி ஒதுக்கியவை 7,447. நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறவில்லை. மிகக் குளிரான அறையில் உட்கார்ந்திருப்பவர்களே மிகக் குறைந்த வருமானமும் உள்ளவர்கள்; எரிவாயுவுக்கு யோசிப்பவர் 300 யூரோவுக்கும் யோசிப்பார். சுகாதாரக் கண்ணோடு பார்த்தால் முதல் இடம் அவர்களுக்கு. சுற்றுலாக் கண்ணோடு பார்ப்பதால்தான் அவர்கள் ஒரு விழுக்காட்டுக்குள் சுருங்கிவிடுகிறார்கள்.

அந்தப் பணத்தை வீடுகளுக்கு வெப்பக் காப்புப் போடச் செலவழிக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கட்டாயம் போட வேண்டும். ஆனால் லட்சக்கணக்கான பழைய வீடுகளின் சுவரையும் ஜன்னலையும் மாற்ற ஒரு தலைமுறை ஆகும். எண்பது வயதானவர் அதுவரை காத்திருக்க முடியாது. சுவர் சூடானாலும் அண்டை வீடுகள் பூட்டிக் கிடக்கும் உள்நாட்டுக் கிராமங்களில் பேச்சுத்துணை வந்துவிடாது. இளையவர்கள் மத்ரிதுக்கும் பார்சலோனாவுக்கும் போய்விட்ட அந்த ஊர்களில் குளிர்காலம் என்பது மாலை ஆறு மணிக்கே அடங்கிவிடும் தெரு. வெப்பக் காப்பும் வேண்டும், கடற்கரைப் பயணமும் வேண்டும்.

ஹோட்டலை மையமாக வைத்த இந்த ஏற்பாட்டுக்கு இன்னொரு நற்பண்பு உண்டு. வெளிநாட்டு ஓய்வூதியர்கள் கடற்கரையில் வீடு வாங்கிக் குவிக்கும்போது உள்ளூர் இளைஞருக்கு வாடகை எட்டாமல் போகிறது. 2024 ஏப்ரல் 20 அன்று கனாரித் தீவுகளின் தெருக்களில் பல்லாயிரம் பேர் திரண்டு சுற்றுலாவுக்கு எல்லை வேண்டும் என்று முழங்கியதற்கு வீட்டு வாடகையும் முக்கியக் காரணம். ஏற்கெனவே கட்டி, குளிர்காலத்தில் காலியாகக் கிடக்கும் ஹோட்டல் அறையில் தங்கும் முதியவர் யாருடைய வீட்டையும் பறிக்கவில்லை. ஆறு மாதம் பூட்டிக் கிடக்கும் அடுக்ககத்தைவிட, ஆண்டு முழுவதும் ஆள் தங்கும் ஹோட்டல் அறை ஊருக்கு நல்லது.

ஆகவே ஸ்பெயின் செய்ய வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. முதலில் நாள்கள். எட்டு, பத்து நாள் என்பது உல்லாசப் பயணத்தின் கணக்கு. உடம்பு தேறுவதற்குள் பெட்டியைக் கட்ட வேண்டியிருக்கிறது. முன்பு பதினைந்து நாள் பயணங்கள் இருந்தன. அவை திரும்ப வேண்டும். சூடாக்கும் வசதியில்லாத வீட்டில் இருப்பவர்களுக்கு, இதய நோயோ நுரையீரல் நோயோ உள்ளவர்களுக்கு, டிசம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் ஒரு முழு மாதம் தர வேண்டும். நார்வே நோயாளிகளுக்கு வாரக்கணக்கில் தரும்போது, கடற்கரையைச் சொந்தமாக வைத்திருக்கும் நாட்டுக்கு அது முடியாத காரியமில்லை. வெளியூரில் தற்காலிகமாகத் தங்குபவர் அங்குள்ள அரசுச் சுகாதார நிலையத்தில் பதிந்துகொள்ளும் வழி ஏற்கெனவே இருக்கிறது. ஊர் மருத்துவரே பரிந்துரைக்கலாம் என்றால் இணையம் தெரியாத மூதாட்டிக்கும் வாசல் திறக்கும்.

அடுத்தது கட்டணம். வருமானத்துக்கு ஏற்ற படிக்கட்டுக் கட்டணம் வேண்டும்: 2,000 யூரோவுக்கு மேல் ஓய்வூதியம் பெறுபவர் முழு விலையையும் கட்டட்டும், அந்த மிச்சத்தில் 50 யூரோ இடங்கள் பத்து மடங்காகட்டும். தனித்து வாழ்பவரிடம் தனியறைக்குக் கூடுதல் கட்டணம் வாங்குவது நிற்க வேண்டும். துணையை இழந்ததற்கு அபராதம் கட்டச் சொல்வது எந்த ஊர் நியாயம்? கிராமத்திலிருந்து மாகாணத் தலைநகர்வரை வண்டியும் திட்டத்துக்குள் வர வேண்டும்.

கடைசியாக ஹோட்டல் தொழிலாளர்கள். அடுத்த ஒப்பந்தப்புள்ளியில் ஒருவருக்கான நாள் தொகை உண்மையான செலவை ஒட்டி உயர வேண்டும். கூடவே, ஓர் ஊழியர் ஒரு நாளில் செய்ய வேண்டிய அறைகளுக்கு உச்சவரம்பு, உயரும் கட்டில், நேரடி வேலை நியமனம் ஆகிய மூன்றையும் ஏற்காத ஹோட்டலுக்கு இம்செர்சோ விருந்தினரை அனுப்பக் கூடாது. ஆண்டுக்கு ஒன்பது லட்சம் இடங்களை நெருங்கி வாங்கும் அரசு, சந்தையில் சாதாரண வாடிக்கையாளர் இல்லை. அது வைக்கும் நிபந்தனை கரையோரம் முழுக்கப் பேசும். ஹோட்டல் உரிமையாளர்களும் தொழிற்சங்கங்களும் ஓய்வூதியர் சங்கங்களும் அவரவர் கோரிக்கையைத் தனித்தனியாக எழுப்பிவந்திருக்கிறார்கள். ஒப்பந்தப்புள்ளி வெளியாகும் முன்பே மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து அவற்றை அரசிடம் சேர்த்து வைக்க வேண்டும்.